சுறாவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

நம் இலக்கிய வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்ன நடந்தது என்று திரும்ப விவரிக்கப் போவதில்லை. வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கும் இந்நேரம் ஸ்க்ரீன்ஷாட் போய்ச் சேர்ந்திருக்கும். "டிக்கென்ஸ் பற்றிப் பேசக் கூப்பிட்டால் பறக்கிற சுறாவைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள்" என்று அண்ணன் அன்றிரவே போட்ட பதிவுக்கு யார் யார் சிரிப்புப் பொம்மை போட்டார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டேன். நல்லது. எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

கோபத்தில் எழுதவில்லை. ஆறப் போட்டுத்தான் எழுதுகிறேன். ஆறவில்லை என்பது வேறு விஷயம்.

நான் போட்டுக் காட்டியது 2010 டிசம்பர் 25 அன்று பிபிசியில் வந்த 'டாக்டர் ஹூ' கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சி. டாக்டர் என்று ஒருவர் கால இயந்திரத்தில் சுற்றுகிற தொடர் அது. சுமார் ஒரு மணி நேரம். எழுதியவர் ஸ்டீவன் மோஃபட். தலைப்பே ஆங்கில எழுத்தாளர் டிக்கென்ஸ் நூலின் தலைப்புதான், 'எ கிறிஸ்துமஸ் கேரல்'. ஒளித்து மறைத்து ஒன்றும் செய்யவில்லை, பெயர்ப் பலகை மாட்டிவிட்டுத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் சுறா திரையில் வந்ததும் பின் வரிசையில் ஒரு சிரிப்பு, முன் வரிசையில் ஒரு "போதும்ப்பா", விளக்கைப் போட்டாயிற்று. செவ்வியல் இலக்கியம் காப்பாற்றப்பட்டது.

சுறா வருவதற்கு முன்பே கதை சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்கிவிட்டது ஐயா. நீங்கள்தான் டீ வந்துவிட்டதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு வேற்றுக் கிரகத்து ஊர். எந்நேரமும் மூடுபனி, அதில் மீன்கள் நீந்தித் திரியும். ஊருக்கே கடன் கொடுக்கிற கிழவர் ஒருவர், கஸ்ரான் சார்டிக். அவரிடம் கடன் வாங்குகிறவன் நகையை ஈடு வைக்க மாட்டான், நிலத்தை வைக்க மாட்டான். வீட்டிலிருந்து ஒரு ஆளை வைக்க வேண்டும். அந்த ஆளை உறையவைத்துப் பெட்டியில் போட்டு நிலவறையில் அடுக்கிவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு குடும்பம் வந்து, ஒரு நாள் மட்டும் எங்கள் வீட்டுப் பெண்ணை வெளியே விடுங்கள் என்று கெஞ்சுகிறது. முடியாது என்கிறார். அதே நேரம் மேலே மேகத்தில் சிக்கி ஒரு விண்கலம் விழுந்துகொண்டிருக்கிறது. உள்ளே 4003 பேர். மேகத்தை அடக்குகிற எந்திரம் கிழவர் கைக்கு மட்டும்தான் இயங்கும். அவர் நினைத்தால் காப்பாற்றலாம். நினைக்கவில்லை.

கடனுக்கு ஆளை ஈடு வைப்பது நமக்குத் தெரியாத அறிவியல் புனைவா? இந்தியாவில் 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் எதற்காக வந்தது? முன்பணம் வாங்கிவிட்டுச் செங்கல் சூளையில் குடும்பத்தோடு கிடந்தவர்கள் எந்தக் கிரகத்து ஜனங்கள்? இதைத்தான் நான் அன்றைக்குச் சொல்ல வந்தேன். இந்த நிகழ்ச்சி டிக்கென்ஸைச் சிதைக்கவில்லை. வான்கோழியும் புட்டிங்கும் பனியும் தூவி எல்லாரும் மூடி வைத்த கடன் கதையைத் திறந்து காட்டியிருக்கிறது.

டிக்கென்ஸுக்குக் கடன் என்பது கற்பனை அல்ல. 1824இல் அவருடைய அப்பாவைக் கடனுக்காக லண்டன் மார்ஷல்சீ சிறையில் போட்டார்கள். அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் அங்கேயே போய்த் தங்கினார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் சார்லஸ் மட்டும் வெளியே, ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். கடனைத் தீர்க்கும்வரை கடன்காரனின் உடம்பு உள்ளே கிடக்கும். இதுதான் அன்றைய இங்கிலாந்தின் ஏற்பாடு. மோஃபட் அதில் ஐஸ் மட்டும்தான் சேர்த்திருக்கிறார்.

நூல் வந்தது 1843 டிசம்பர் 19. ஸ்க்ரூஜ் என்ற கஞ்சனை ஆவிகள் ஒரே ராத்திரியில் திருத்துகிற கதை. முதல் பதிப்பு 6000 பிரதிகள் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துவிட்டன. அந்த வருடம் ஏழைக் குழந்தைகளின் நிலைமை பற்றி ஒரு துண்டுப் பிரசுரம் எழுதத்தான் டிக்கென்ஸ் முதலில் நினைத்திருந்தார். அப்புறம்தான் அதைவிடப் பலமாக அடிக்கிற ஒன்றாகக் கதையைத் தேர்ந்தெடுத்தார். ஸ்க்ரூஜின் செத்துப்போன கூட்டாளி மார்லியின் ஆவி இழுத்துக்கொண்டு வருகிற சங்கிலியில் என்னென்ன கோத்திருக்கிறது என்று யாராவது கவனித்தீர்களா? பணப்பெட்டி, சாவி, பூட்டு, கணக்குப் பேரேடு, பத்திரம், பணப்பை. ஒரு வட்டிக்கடையையே இடுப்பில் மாட்டிவிட்டிருக்கிறார் மனுஷன்.

நான்காம் பகுதியில் ஒரு சின்ன இடம் வரும். ஸ்க்ரூஜ் தன் சாவை முன்கூட்டியே பார்க்கிறான். இந்த ஆளின் சாவுக்காக மனம் அசைந்த ஒரு ஆளையாவது காட்டு என்று ஆவியிடம் கேட்கிறான். ஆவி ஒரு வீட்டைக் காட்டுகிறது. கரோலைன் என்ற பெண், அவள் புருஷன், குழந்தைகள். கடன் கொடுத்தவன் செத்துவிட்டான் என்று புருஷன் வந்து சொல்கிறான். அவளுக்கு முதலில் வருவது நிம்மதி. உடனே ஐயோ இப்படி நினைத்துவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறாள். இனி நம் கடன் யார் கைக்குப் போகும் என்று கேட்கிறாள். யாராக இருந்தாலும் இவனைப் போல இரக்கமில்லாதவனாக இருக்க மாட்டான் என்கிறான் அவன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம் என்கிறார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் இது எங்கள் வீட்டில் நடந்தது.

அப்பா கடை வைத்து நொடித்துப்போன சமயம். தண்டலுக்கு வாங்கி, தண்டலை அடைக்க வட்டிக்கு வாங்கி, புரோநோட்டில் கையெழுத்துப் போட்டு, அம்மாவின் வளையல் போய், கடைசியில் சைக்கிளும் போனது. வட்டிக்காரர் சத்தம் போட மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பார், என்னிடம் "என்ன படிக்கிற தம்பி" என்று கேட்பார். அதற்குச் சத்தமே தேவலை. ஒரு நாள் சாயங்காலம் அவர் மாரடைப்பில் போய்விட்டார் என்று தகவல் வந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை, விளக்கேற்றினாள். ராத்திரி சாப்பாட்டில் அப்பளம் இருந்தது. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

காரியம் முடிந்ததும் அவர் மகன் வந்தான். அதே நோட்டு. அப்பன் எழுதிய கணக்குக்குக் கீழேயே அவன் கணக்கு. திண்ணையில் உட்காரவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, வாசலில் நின்றே பேசினான். கரோலைன் புருஷனுக்குக் கிடைத்த ஆறுதல் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். நீங்கள் விளக்கைப் போட்டு நிறுத்திய அந்த நிகழ்ச்சியில் கஸ்ரானாக நடித்த மைக்கேல் கேம்பன்தான் கஸ்ரானின் அப்பாவாகவும் நடித்திருக்கிறார். ஒரே முகம். ஆட்களை ஐஸில் வைத்து அடுக்கிய கணக்கு அப்பனுடையது, மகனுக்கு வாரிசாக வந்தது. கிழவரின் அறையில் அப்பாவின் பெரிய ஓவியம் மாட்டியிருக்கிறது, நாற்காலிகள் எல்லாம் அதைப் பார்க்காதபடி திருப்பிப் போடப்பட்டிருக்கின்றன. டாக்டர் அதைக் கவனிக்கிறார். முன்னால் ஒரு பையனை அடிக்கக் கை ஓங்கியவர் அடிக்காமல் விட்டதையும் கவனிக்கிறார். அப்பனைப் போல ஆகிவிடுவோமோ என்ற பயம் இந்த ஆளிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அந்தப் புள்ளியைப் பிடித்துத்தான் கதையே நகர்கிறது. ஸ்க்ரூஜ் ஏன் அப்படி ஆனான் என்பதற்கு டிக்கென்ஸ் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற பையனைக் காட்டுவார். அந்த ஒரு காட்சியைத்தான் மோஃபட் எடுத்து வளர்த்திருக்கிறார். அந்த நோட்டு மகன் கைக்குப் போனதைப் பார்த்தவன் நான். எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை.

இனி வரப்போகும் கமெண்டுகளுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"மூலத்தில் கை வைக்கலாமா?" 1844 பிப்ரவரியிலேயே லண்டனில் மூன்று நாடகங்கள் இந்தக் கதையை மேடையேற்றிவிட்டன. டிக்கென்ஸ் உயிரோடு இருக்கும்போது. மை காயட்டும் என்றுகூட யாரும் காத்திருக்கவில்லை. திருட்டுப் பதிப்புப் போட்டவர்கள்மேல் அவர் வழக்குப் போட்டு ஜெயித்ததும், அவர்கள் திவாலாகிவிட, செலவு அவர் தலையில் விழுந்ததும் தனிக் கதை. அப்புறம் கார்ட்டூன் வந்தது, பொம்மைகள் நடித்த படம் வந்தது. தவளைப் பொம்மை ஸ்க்ரூஜின் குமாஸ்தா பாப் கிராட்சிட்டாக நடித்தபோது யாருக்கும் நெஞ்சு வலிக்கவில்லை. சுறாவுக்கு மட்டும் வலிக்கிறது.

"கிறிஸ்துமஸ் கதையில் கிறிஸ்துவே இல்லையே?" டிக்கென்ஸ் நூலில் திருந்திய ஸ்க்ரூஜ் சர்ச்சுக்குப் போவது ஒரு வாக்கியத்தில் பாதி. சண்டை போட வேண்டுமானால் அவரிடமே போடுங்கள்.

"கால இயந்திரம் எல்லாம் டிக்கென்ஸில் ஏது?" இறந்த காலத்துக்கு ஒரு ஆவி, நிகழ்காலத்துக்கு ஒன்று, வருங்காலத்துக்கு ஒன்று. வேறென்ன வேண்டும்? ஒரே வித்தியாசம், ஸ்க்ரூஜ் பழையதைப் பார்க்க மட்டும்தான் முடியும், அங்கே இருப்பவர்களுக்கு இவன் இருப்பதே தெரியாது. இங்கே டாக்டர் கஸ்ரானின் சிறுவயதுக்குள்ளேயே போய் நினைவுகளை மாற்றி எழுதுகிறார். கிழவர் இங்கே உட்கார்ந்திருக்க, அவர் தலைக்குள் புதுக் குழந்தைப் பருவம் முளைக்கிறது.

ஒருவரைக் கேட்காமல் அவர் வாழ்க்கையை மாற்றுவது அறமா என்று ஒரு தோழர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் 4003 பேர் விழுந்துகொண்டிருக்கிறார்கள் தோழர். மேலும் அந்த மாற்றம் பலிக்கவில்லை என்பதுதான் கதையின் உயிரே. நிறுத்தாமல் விட்டிருந்தால் பார்த்திருப்பீர்கள். சிறுவன் கஸ்ரானும் டாக்டரும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முந்தின நாள் அபிகேல் என்ற பெண்ணைப் பெட்டியிலிருந்து எழுப்புகிறார்கள். பாடகி கேத்தரின் ஜென்கின்ஸ் நடிக்க வந்த முதல் வேடம். சிறுவன் வாலிபனாகிறான், காதல் வருகிறது. அவளுக்கோ தீராத நோய். வெளியே வரும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் குறைகிறது, பெட்டியில் எண் இறங்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் ஒரே ஒரு நாள் மிச்சம். அந்த நாளைச் செலவழிக்க மனமில்லாமல் அவளை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு, கஸ்ரான் மறுபடி அதே கல்நெஞ்சுக் கிழவராகிறார். அன்பு காட்டியும் அதே இடம்! ஸ்க்ரூஜ் காசைச் சேர்த்து வைத்தான், இவர் ஒரு நாளைச் சேர்த்து வைக்கிறார். ஒரு ராத்திரியில் மனிதன் திருந்திவிடுவான் என்று டிக்கென்ஸ் சொன்னதை நம்ப முடியவில்லை என்று போன வருடம் குறைப்பட்டுக்கொண்டது யார் அண்ணே? அதற்குப் பதில் இதில்தான் இருந்தது.

வருங்காலத்தை டாக்டர் எப்படிக் காட்டுகிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கெட்டுப்போகட்டும். கிழவரிடம் வருங்காலத்தைக் காட்டவே இல்லை. சிறுவனை அழைத்துவந்து கிழவரைக் காட்டுகிறார். அந்தப் பையனுக்கு வருங்கால ஆவி இந்தக் கிழவர்தான். கிழவர் கோபத்தில் கை ஓங்குகிறார், பையன் அவரைப் பார்த்து "அப்பா?" என்கிறான். அங்கேதான் உடைகிறார். உடைந்து, மாறி, ஓடிப்போய் எந்திரத்தைத் தொட்டால் அது அசையவில்லை. இவர் இப்போது வேறு ஆள், எந்திரத்துக்கு அடையாளம் தெரியவில்லை! இப்படி ஒரு திருப்பத்தை எழுதிய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டாமா? நாம் விளக்கைப் போட்டோம்.

அபிகேலுக்கென்று ஒரு விருப்பமே இல்லை, வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கும் பொம்மையாக வைத்திருக்கிறார்கள் என்று தங்கை ஒருத்தி சொன்னாள். அது உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. மேலே போகலாம்.

"குழந்தைகள் நிகழ்ச்சி." இதுதான் எனக்குத் தைத்தது. டாக்டர் ஹூ 1963 முதல் குடும்பமே உட்கார்ந்து பார்க்கிற தொடர். 2005இல் வந்த ஒரு கதையில் டிக்கென்ஸையே பாத்திரமாகக் கொண்டுவந்தார்கள். ஆனால் நம் வட்டத்துக்கு இதெல்லாம் விளையாட்டுச் சாமான். லத்தீன் அமெரிக்க நாவலில் ஒரு பெண் துணி மடிக்கும்போது வானத்துக்குப் பறந்துபோனால் முன் வரிசை கண் கலங்கும். டிக்கென்ஸ் கதையில் கதவைத் தட்டுகிற வளையம் செத்தவன் முகமாக மாறினால் மேதைமை. மூடுபனியில் மீன் நீந்தினால் மட்டும் சிரிப்பு. காரணம் எனக்குத் தெரியும். அதைச் சொன்னது பேராசிரியராக இருந்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டீர்கள். மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவன் டிக்கென்ஸ் பற்றிப் பேசினால் சுறா இல்லாவிட்டாலும் வேறெதையாவது பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அந்த மேடைக்கு நாற்காலி அடுக்கவும் ஒயர் இழுக்கவும் நான் வேண்டும்.

சரி, இது எங்கோ போகிறது. அண்ணன் பதிவில் "இளைஞர்கள் மூலநூலைப் படிக்க வேண்டும்" என்று முடித்திருக்கிறார். படித்துவிட்டுத்தான் அண்ணே வந்தேன். நீங்கள் கரோலைனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுங்கள், நான் இந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன்.

அடுத்த மாத அழைப்பிதழில் நன்றியுரை என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த புரொஜெக்டர் வட்டத்துடையது இல்லை, என்னுடையது. ஹால் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று உள்பெட்டியில் சொன்னால் வந்து எடுத்துக்கொள்கிறேன்.