அந்தத் தம்பி கேட்டது சரியான கேள்வி

ஞாயிற்றுக்கிழமை ஆற்றைக் கடந்த வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். நம் ஆஃப்ரோடு கூட்டத்தில் அதைப் பார்க்காதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள். பானெட் உயரத்துக்குத் தண்ணீர் எழும்ப வண்டி மறுகரை ஏறியது, எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் காலை அதே வண்டியைக் கழுவித் துடைத்து "திங்கட்கிழமை, ஆபீசுக்கு ரெடி" என்று படம் வந்தது. அதன் கீழே புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் "அண்ணே, டிஃப் ஆயில் பார்த்தீங்களா?" என்று, இன்ஜின் சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலைப் பற்றி ஒரே ஒரு வரி கேட்டார். அவ்வளவுதான். ஹாஹா மேல் ஹாஹா. "ஸ்நார்க்கல் கண்ணுக்குத் தெரியலையா தம்பி?" என்றார் ஒருவர். "முதல்ல வண்டி வாங்கு, அப்புறம் ஆயில் பார்க்கலாம்" என்றார் இன்னொருவர். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தம்பி கேள்வியையே அழித்துவிட்டார்.

மூன்று நாளாக இது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பதிவின் கீழ் வந்த பேச்சிலேயே உருப்படியான வரி அது ஒன்றுதான். அதைத்தான் சிரித்து விரட்டினோம்.

முதலில் ஸ்நார்க்கல் கதையை முடித்துவிடுகிறேன். ஸ்நார்க்கல் இன்ஜின் மூச்சு இழுக்கும் இடத்தைக் கூரை உயரத்துக்குத் தூக்குகிறது. அதன் வேலை அதோடு முடிந்தது. டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், வீல் பேரிங் எதற்கும் அதனால் துளி பாதுகாப்பும் கிடையாது. ஸ்நார்க்கல் இருக்கிறது என்ற தைரியத்தில் இன்னும் ஆழமாக இறங்குவதால் கீழே இருக்கும் இவை எல்லாம் கூடுதல் நேரம் மூழ்கிக் கிடக்கின்றன. ஆக, ஸ்நார்க்கல் போட்ட வண்டிக்குத்தான் தம்பியின் கேள்வி அதிகம் பொருந்தும்.

டிஃபுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் சிரிப்பு வராது. சாலையில் ஓடி வந்த வண்டியில், டிஃப் உட்கார்ந்திருக்கும் ஆக்சிலில் கை வைக்க முடியாத சூடு இருக்கும். உள்ளே காற்று விரிந்து நிற்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் அந்தக் காற்று நொடியில் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. எங்கே வழி கிடைக்கிறதோ அங்கிருந்து உறிஞ்சுகிறது. அந்த வழிதான் ஆக்சில் மேல் இருக்கும் பிரீதர் என்ற காற்றுத் துளை. சின்ன மூடி, பெரும்பாலும் ஒருவழி வால்வு. அதில் சேறு புகுந்து அரைகுறையாகத் திறந்து நின்றால் நேரே தண்ணீர் உள்ளே போகும். முழுதாக அடைத்துக்கொண்டால் ஆயில் சீல் வழியாக இழுக்கும். ஆயில் சீலின் உதடு உள்ளே இருக்கும் ஆயிலை வெளியே விடாமல் நிறுத்தத்தான் வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து உறிஞ்சப்படும் தண்ணீரைத் தடுக்கும் பலம் அதற்கு இல்லை.

உள்ளே போன தண்ணீர் என்ன செய்கிறது? டிஃபில் இருப்பது பெரும்பாலும் ஹைப்பாய்டு கியர். பற்கள் ஒன்றோடொன்று உருள்வதோடு வழுக்கியும் ஓடும். அந்த வழுக்கலைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். தண்ணீர் கலந்தால் படலம் கிழிகிறது. வண்டி நிற்கும் நேரத்தில் பேரிங் உருளைகளில் துரு பிடிக்கிறது. துரு பிடித்த இடம் ஊசி குத்தியது போல் குழி விழுகிறது. இதில் எதுவுமே திங்கட்கிழமை காலை தெரியாது. செவ்வாய்க்கிழமையும் தெரியாது. "ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சுக்கு நான் இவ்வளவு கோபப்படுவது அதனால்தான். சேதம் சத்தமாக வெளியே வர வாரக்கணக்கு, சில நேரம் மாதக்கணக்கு ஆகும். அதற்குள் அந்த ஆற்றை எல்லோரும் மறந்திருப்போம்.

இப்படி ஒரு வண்டி நம் கண்முன்னாலேயே போனது, நினைவிருக்கிறதா? பின் டிஃபில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஊளைச் சத்தம். மட் டயர் சத்தம் என்று எல்லோரும் சேர்ந்து அவரைச் சமாதானப்படுத்தினோம். டயரை இடம் மாற்றிப் பார்த்தார், காற்றைக் குறைத்துப் பார்த்தார். கடைசியில் திறந்தபோது டிஃபைச் சுழற்றும் சின்ன கியரான பினியனின் பேரிங் முழுக்கக் குழி. டயரா டிஃபா என்று ஓட்டும்போதே கண்டுபிடித்திருக்கலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தம் மாறினால் டிஃப். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்து, சாலையின் பரப்பு மாறும்போது மாறினால் டயர். ஸ்டீயரிங்கை லேசாக இடதும் வலதும் ஆட்டும்போது ஏறி இறங்கினால் வீல் பேரிங். இதைச் சொல்லக்கூடிய பத்துப் பேராவது நம் கூட்டத்தில் உண்டு. ஆனால் மறுபடி கேட்டால் சிரிப்பார்களே என்று அவர் அப்புறம் கேட்கவே இல்லை. தம்பி விஷயத்தில் எனக்கு வலிக்கும் இடமும் அதுதான்.

சரி, எப்படிப் பார்ப்பது? கழுவித் துடைப்பதைவிடக் குறைந்த வேலை. வண்டியை ஓர் இரவு சமதளத்தில் அசையாமல் நிறுத்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கும். காலையில் அடியில் பாத்திரம் வைத்து, ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். முதலில் கசிவது தெளிந்த தண்ணீராக இருந்தால் பதில் கிடைத்துவிட்டது. ஓட்டி வந்த சூட்டிலேயே பார்த்தால் ஆயிலும் தண்ணீரும் கலங்கி, பால் விட்டது போல் வெளுத்திருக்கும். சந்தேகமாக இருந்தால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும்.

மாற்றுகிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது: முதலில் மேலே இருக்கும், ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றுங்கள். அது வருகிறது என்று உறுதியான பிறகுதான் டிரெயின் பிளக்கைத் தொட வேண்டும். ஆயிலை எல்லாம் வடித்துவிட்டு, ஃபில்லர் பிளக் துருப்பிடித்து அசையாமல் நின்றால் வண்டி அங்கேயே கிடக்கும். ஆயில் ஊற்றவும் வழி இல்லை, ஓட்டவும் வழி இல்லை. டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் துணுக்கோ பல்லின் சில்லோ வந்தால் ஆயில் மாற்றி மூடிவிடாதீர்கள், திறந்து பார்க்க வேண்டும். வாஷரைப் புதிதாகப் போடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஃபில்லர் துளையின் விளிம்பில் ஆயில் வழியும் வரை ஊற்றினால் அளவு சரி. பெரும்பாலான ஆக்சில்களுக்கு ஆயிலின் கெட்டி 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90, தரம் ஜிஎல்-5. ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃப் என்றால் அதற்கான ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற சேர்மானம் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். மீதி இருக்கிறதே என்று அதையே கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். பல மேனுவல் கியர்பாக்ஸ்கள் ஜிஎல்-4 கேட்பவை. ஜிஎல்-5-இல் அதிகமாக இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையங்களைக் கெடுக்கும். கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான்.

ஆயில் வெளுத்து வந்திருந்தால் ஒருமுறை மாற்றினால் போதாது. டிஃப் கூட்டின் மூலையிலும் பேரிங் இடுக்கிலும் பழையது ஒட்டிக்கொண்டிருக்கும். புது ஆயிலோடு நூறு கிலோமீட்டருக்குள் ஓட்டி மறுபடி வடித்துப் பாருங்கள். தெளியும் வரை.

இப்போது என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "கம்பெனியே இவ்வளவு ஆழம் போகலாம்னு சொல்லியிருக்கே." சொல்லியிருக்கிறது. மஹிந்திரா தார் 650 மி.மீ., ஃபோர்டு ரேஞ்சர் 800 மி.மீ., லேண்ட் ரோவரின் புது டிஃபெண்டர் 900 மி.மீ. வரை. ஆனால் அது நிதானமாக, மெதுவாகப் போவதற்கான எண். அலை எழுப்பி வேகமாகப் பாய்வதற்கு யாரும் எண் கொடுக்கவில்லை. அதோடு, ஆக்சில் மூழ்கினால் ஆயிலைப் பார்க்கவும் மாற்றவும் வேண்டும் என்று பல வண்டிகளின் கையேட்டிலேயே இருக்கிறது. ஆழத்தைப் படித்தவர்கள் அந்த வரியையும் படித்திருக்கலாம்.

"சர்வீஸில் பார்த்துக்குவாங்க" என்பவர்களுக்கு: நீங்கள் ஆற்றில் இறங்கினீர்கள் என்று சொன்னால்தானே பார்ப்பார்கள். டிஃப் ஆயில் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் வேலை. அவர்கள் அட்டவணைப்படிதான் போவார்கள்.

"ஒவ்வொரு ரைடுக்கும் ஆயில் மாற்ற எல்லோருக்கும் வசதி இருக்கா?" இந்தக் கேள்வியை மட்டும் நான் மதிக்கிறேன். மாதக் கடைசியில் வீட்டுச் செலவுக்கும் வண்டிச் செலவுக்கும் இடையில் நசுங்குகிறவர்கள் நம்மில் பலர். ஆனால் தம்பி மாற்றச் சொல்லவில்லையே, பார்க்கத்தானே சொன்னார்! பார்ப்பதற்கு ஒரு ஸ்பேனரும் ஒரு வாஷரும் போதும். பிரீதரை உயர்த்துவதும் பெரிய செலவில்லை. பழைய மூடியைக் கழற்றி ஒரு நிப்பிள் போட்டு, 8 மி.மீ. ஃபியூல் ஹோஸை இன்ஜின் அறையின் உச்சிவரை கொண்டுபோய், முனையில் சின்ன ஃபில்டர் மாட்டினால் முடிந்தது. ஹோஸ் எங்கேயும் தொங்கி வளையக் கூடாது, வளைந்த இடத்தில் தண்ணீர் நின்று அடைக்கும். சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும்போது இழுபடாத அளவு தளர்வும் வேண்டும். கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இதேதான். இன்னும் ஒன்று, இது காசே இல்லாதது: தண்ணீருக்கு முன் வண்டியை நிறுத்தி ஆக்சில் சூடு தணிய விடுங்கள். வீடியோ எடுப்பவர் இடம் பார்த்து நிற்கும் நேரத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆயிலோடு முடிந்ததா என்றால் இல்லை. ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங். பிரேக் டிரம்முக்குள் புகுந்த சேறு லைனிங்கை அரம் போட்டுத் தேய்க்கும், கழற்றித்தான் கழுவ வேண்டும். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு இரவு நிறுத்தினால் காலையில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சக்தியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் பிரொபெல்லர் ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸில், நான்கு மூடியிலும் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை புது கிரீஸ் அடியுங்கள். ரேடியேட்டர் சேற்றை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த வேகத் தண்ணீரில் தள்ளுங்கள். முன்னாலிருந்து வேகமாக அடித்தால் சேறு இன்னும் உள்ளே இறுகும், ஃபின்களும் மடங்கும்.

"வேடிக்கைக்குச் சொன்னோம், இதைப் போய்ப் பெருசாக்குறியே" என்றும் வரும். கிண்டல் இல்லாமல் நம் கூட்டம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். வழியில் ஜாயின்ட் உடைந்து நிற்கும்போது அந்தக் கிண்டல்தான் இரவு முழுக்கத் தூங்காமல் வேலை செய்ய வைக்கிறது. ஆனால் இந்த வண்டி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஓடுவதில்லையே. அதே சக்கரத்தில்தான் திங்கட்கிழமை பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். அதே பிரேக்கை நம்பித்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம். வீல் பேரிங் இறுகிப்போவது ஆற்றங்கரையில் நண்பர்கள் சூழ நிற்கும்போது நடக்காது, நெடுஞ்சாலையில் வீட்டு ஆட்கள் பின்சீட்டில் இருக்கும்போது நடக்கும். அதைத் தடுக்கக்கூடிய கேள்வியைக் கேட்டவனிடம் "முதல்ல வண்டி வாங்கு" என்று சொல்லியிருக்கிறோம். வண்டி இல்லாமலே ஆயிலைப் பற்றி யோசிக்கிறவன் நமக்குக் கிடைத்திருக்கிறான், அவனைப் பேசவிடாமல் ஆக்கினோம். எனக்கு இது தாங்கவில்லை.

அன்று ஆற்றைக் கடந்த வண்டிக்காரருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நீங்கள் சிரிக்கவும் இல்லை. இன்றைக்கு வியாழன். வண்டி நாலு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று இரவு நிறுத்தி, நாளைக் காலை இரண்டு டிஃபின் டிரெயின் பிளக்கையும் தளர்த்திப் பார்த்து, என்ன வந்ததோ அதை அதே பதிவின் கீழே படமாகப் போடுங்கள். ஆயில் சுத்தமாக வந்தால் நல்லது, சந்தோஷப்படுவேன். வெளுத்து வந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமை ஸ்பேனரோடு வருகிறேன். தம்பியையும் கூப்பிடுங்கள். ஃபில்லர் பிளக்கை அவரே கழற்றட்டும்.