எஞ்சின் வெளியே தொங்கும்போதே ஏசி கம்ப்ரசரை மாட்டச் சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா?

என் லாரிக்கு எஞ்சின் மாற்றிய பட்டறைக்காரர் என்னைப் பற்றிப் பேசி ஊருக்கு அனுப்பிய அந்த 41 விநாடி வாய்ஸ் நோட்டை இதுவரை பதினோரு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். போதும், கேட்டுவிட்டேன். "எஞ்சினுக்கே கடன் வாங்கறவனுக்கு ஏசி கேக்குது பாரு" என்ற இடத்தில் பின்னால் சிரித்தது யார் என்பதும் தெரிகிறது. அப்படிச் சிரித்தவருடைய வண்டி தொப்பூரில் நின்றபோது நடுராத்திரியில் பைக்கில் கிளட்ச் பிளேட் கட்டிக்கொண்டு போனவன் நான். அது கிடக்கட்டும்.

நான் பட்டறையில் கேட்டது ஒன்றே ஒன்று. எஞ்சின் மாற்றுகிறோம், பழையது இறங்கிவிட்டது, புதிதாக வந்த எக்ஸ்சேஞ்ச் எஞ்சின் இன்னும் செயின் பிளாக்கில் தொங்குகிறது. ஏசி கம்ப்ரசரைத் தாங்கும் பிராக்கெட்டை இப்போதே, எஞ்சின் மேலேயே மாட்டிவிடுங்கள் என்றேன். ஏசி புதிதாகக் கேட்கவில்லை. மூன்று வருடமாக அந்த கேபினில் ஓடிய ஏசிதான். கம்ப்ரசர் என்னுடையது, ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் என்னுடையது, பழைய பிராக்கெட்டும் என்னுடையது. (அந்த பிராக்கெட் பழைய எஞ்சினோடு எடைக்குப் போய்விட்டது என்பது தனிக் கதை. இன்றுவரை அதற்கு ஒரு பதிலும் இல்லை.)

வந்த எஞ்சின் அதே மாடல்தான், ஆனால் முகப்பு வேறு. ஆல்டர்னேட்டர் உட்காரும் இடம் மாறியிருந்தது. பழைய பிராக்கெட் இருந்திருந்தாலும் அப்படியே பொருந்தியிருக்காது, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் எஞ்சின் வெளியே இருக்கும்போதே செய்யச் சொன்னேன். ரேடியேட்டர் கழற்றியாயிற்று, ஃபேன் கழற்றியாயிற்று, பெல்ட்டைச் சுற்றவைக்கும் கிராங்க் புல்லி கண் முன்னால் நிற்கிறது. எஞ்சின் பிளாக்கில் எந்த ஓட்டை சும்மா இருக்கிறது என்று விரல் விட்டுப் பார்க்கலாம். கிராங்க் புல்லிக்கும் கம்ப்ரசர் புல்லிக்கும் நடுவில் ஒரு நீள ஸ்கேலை வைத்து, இரண்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஓர் அடி தூரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் விலகினாலே பெல்ட் தின்ன ஆரம்பித்துவிடும். எஞ்சினை உள்ளே இறக்கி ரேடியேட்டரையும் வைத்த பிறகு அந்த இடத்தில் கை நுழையாது, ஸ்கேல் எங்கே நுழையும்?

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்றார் பட்டறைக்காரர். அந்த 'அப்புறம்' என்ன ஆயிற்று என்று வாய்ஸ் நோட்டில் மறந்தும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

எஞ்சின் உள்ளே போய், பைப்பெல்லாம் மாட்டி, ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது. அதன் பிறகு கம்ப்ரசருக்கு இடம் தேடினார்கள். இடம் இல்லை. உடனே ஒரு இரும்பு ஆங்கிள் துண்டை வெட்டி, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு வெல்டு வைத்து அதன் மேல் கம்ப்ரசரை உட்கார வைத்துவிட்டார்கள். சேசிஸில்! எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது, ஆஃப் செய்யும்போது, ஏற்றத்தில் முக்கும்போது அது எப்படிக் குலுங்கும் என்று லாரிப் பக்கம் போன சின்னப் பையனுக்கும் தெரியும். சேசிஸ் ஒரு பக்கம் ஆடுகிறது, எஞ்சின் வேறு பக்கம் ஆடுகிறது. நடுவில் பெல்ட் என்ன பாவம் செய்தது? கம்ப்ரசர் எஞ்சினோடு சேர்ந்து ஆட வேண்டும். அதனால்தான் பிராக்கெட்டை எஞ்சினில் கட்டுகிறார்கள். நான் கண்டுபிடித்த விஷயமில்லை இது, கார் பானெட்டைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும்.

மூன்றாம் நாள், கர்னூல் தாண்டி, கம்ப்ரசருக்கும் வாட்டர் பம்புக்கும் ஒன்றாக ஓடிய பெல்ட் கழன்று போனது. டிரைவர் அண்ணன் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்து உடனே ஆஃப் செய்ததால் எஞ்சின் ஹெட் பிழைத்தது. கடன் வாங்கி வைத்த எஞ்சின் பிழைத்தது. இதற்குத்தான் "ஏசிக்கு ஆசைப்பட்டு எஞ்சினைக் கொன்னுக்கிட்டான்" என்று ஊருக்கே வாய்ஸ் நோட்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் இறங்கி நான்கு நாள் ஏசி ஹோஸ் இரண்டும் வாயைத் திறந்தபடி தொங்கின. ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட எத்தனை நிமிடம் ஆகும்? உள்ளே ஈரம் போனால், ஈரத்தை உறிஞ்சுகிற ரிசீவர் டிரையர் வீண். புது டிரையர் மாட்டி, ஓ-ரிங் மாற்றி, உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் போக அரை மணி நேரமாவது வேக்கம் இழுத்த பிறகுதான் கேஸ் ஏற்ற வேண்டும். அதையும் கேட்டேன். "நீங்களே வந்து பட்டறை நடத்துங்க" என்று பதில் வந்தது.

அதோடு விட்டார்களா? முதலில் ஒரு காரில் கழற்றிய கம்ப்ரசரைத் தூக்கிக்கொண்டு வந்து "இது சின்னது, ஈசியா உக்காரும்" என்றார்கள். கம்ப்ரசரைப் புல்லியோடு கோக்கும் அதன் கிளட்ச் காயில் 12 வோல்ட். லாரி 24 வோல்ட். ஸ்விட்ச் போட்டால் காயில் புகைந்திருக்கும். புல்லியும் பல வரி கொண்ட பட்டை பெல்ட்டுக்கானது, நம் எஞ்சினில் ஓடுவது வி பெல்ட். இதைச் சொன்னதற்குத்தான் "யூடியூப் மெக்கானிக்" என்ற பட்டம். சரி, யூடியூப் மெக்கானிக்காவது 24 வோல்ட்டை 24 வோல்ட் என்கிறானே.

இனி நம் குரூப்பில் கருத்து சொன்ன சில அறிவாளிகளுக்கு.

டீசல் அதிகம் குடிக்கும் என்கிறீர்கள். குடிக்கும். கம்ப்ரசர் சும்மா சுற்றாது, எஞ்சினிலிருந்துதான் எடுக்க வேண்டும். மே மாத டிரிப்பில் எனக்குக் கணக்கில் தெரிகிறது. அந்தக் காசு என் பாக்கெட்டிலிருந்து போகிறது, உங்களுக்கு ஏன் வயிறு எரிகிறது?

கண்டென்சரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் எஞ்சின் சூடாகும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. ஆகும். அதனால்தான் என் வண்டியில் அது கேபின் கூரையில், தனி ஃபேனோடு இருக்கிறது. போட்டோவைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

எஞ்சின் மாற்றியதே சட்டப்படி சரியா என்று ஒரு வக்கீல் கிளம்பியிருக்கிறார். பில் இருக்கிறது, ஆர்சியில் எஞ்சின் நம்பர் மாற்ற ஆர்டிஓ ஆபீசில் மனு கொடுத்தாயிற்று. அடுத்தது.

"உன் பழைய வண்டிக்கு சட்டமே ஏசி கேக்கலையே!" கேட்கவில்லைதான். 2023 டிசம்பரில் வந்த மத்திய அரசு அறிவிக்கை, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்குத்தான் ஏசி கேபின் கட்டாயம் என்கிறது. அதுவும் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட என்2, என்3 என்ற சரக்கு வண்டி வகைகளுக்கு. பழைய வண்டிக்கு இல்லை. நாக்பூரில் மே மாதம் 45 டிகிரி அடிக்கும்போது வெயில் ஆர்சி புத்தகத்தை வாங்கி எந்த வருட மாடல் என்று பார்க்குமா? அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்ட மந்திரி கட்கரியே 2023 ஜூனில் சொன்னார், விலை ஏறும் என்று சிலர் இதை எதிர்த்தார்கள் என்று. யார் அந்தச் சிலர் என்று அப்போது யோசித்தேன். இப்போது தேட வேண்டியதில்லை, நம் குரூப்பிலேயே இருக்கிறார்கள்.

அப்புறம் அந்தப் பொன்மொழி: "ஏசி போட்டா டிரைவர் தூங்கிடுவான்." இதைச் சொன்ன மூன்று பேரும் நாமக்கல்லிலிருந்து சென்னைக்கு ஏசி காரில் தாங்களே ஓட்டிக்கொண்டு போகிறவர்கள். அவர்களுக்கு மட்டும் ஏசியில் தூக்கம் வராது போல. ஆம்னி பஸ் டிரைவர் ராத்திரி முழுக்க ஏசி வண்டிதானே ஓட்டுகிறார், அதில் குடும்பத்தோடு படுத்துத் தூங்கிக்கொண்டு போகிறீர்களே, அப்போது இந்தக் கவலை எங்கே போகிறது?

என் அப்பா டாடா 1210 லாரி ஓட்டியவர். அந்தக் கால வண்டியில் எஞ்சின் கேபினுக்குள்ளேயே, டிரைவரின் இடது காலை ஒட்டி இருக்கும். மேலே ஒரு தகர மூடி, அவ்வளவுதான். அதன் மேல் சாக்கை நனைத்துப் போடுவார்கள். கிளீனருக்கு முக்கிய வேலையே அந்தச் சாக்கு காயாமல் தண்ணீர் தெளிப்பதுதான். அப்பாவின் இடது கெண்டைக்காலில் இன்றைக்கும் முடி கிடையாது, தோல் வேறு நிறம். சின்ன வயதில் அதைத் தடவிப் பார்த்து, "இந்தக் கால் மட்டும் ஏன் வழுவழுன்னு இருக்கு" என்று கேட்டிருக்கிறேன். "டாடா கம்பெனி ஷேவிங் பண்ணி உட்டுச்சு" என்பார். அது ஜோக் என்று புரியவே எனக்குப் பல வருடம் ஆயிற்று.

அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. கம்ப்ரசர் பற்றிப் பேச வந்தவன் அப்பாவின் காலுக்குப் போய்விட்டேன் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். புதுப் பையன்கள் லாரி ஓட்ட வருவதில்லை, டிரைவர் கிடைப்பதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் மைக்கைப் பிடித்து அழுகிறோமே, எவன் வருவான்? பட்டறைக்காரரின் கண்ணாடி அறையில் ஏசி ஓடுகிறது. அந்த அறையில் உட்கார்ந்துதான் அந்த வாய்ஸ் நோட்டைப் பேசியிருக்கிறார். நன்றாகக் கேளுங்கள், பின்னால் ஏசி இரைகிறது.

கடன் வாங்கினேன். ஆமாம். வீட்டுக்காரியின் ஐந்து பவுன் செயின் அடகில் இருக்கிறது. அதை அவரிடம் சொன்னது நான்தான், அண்ணன் என்று நினைத்துச் சொன்னேன். ஊருக்குச் சொல்வார் என்று நினைக்கவில்லை.

நேற்று ராத்திரி அப்பாவும் அந்த நோட்டைக் கேட்டுவிட்டார். யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "இது நம்ம வண்டியப் பத்தியாடா?" என்றார். ஆமாம் என்றேன். இரண்டாவது முறை கேட்டுவிட்டு, "பிராக்கெட்ட சேசிஸ்லயா வச்சான்?" என்றார். கடன் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வண்டி இப்போது சங்ககிரியில் வேறு பட்டறையில் நிற்கிறது. ரேடியேட்டரைத் திரும்ப இறக்கியாயிற்று, அந்த ஆங்கிளை அறுத்தாயிற்று. பிராக்கெட்டுக்கு 12 எம்எம் பிளேட் வாங்கி, அட்டையில் அளவு வெட்டி, பிளாக்கில் வைத்துப் பார்த்துவிட்டோம், நான்கு போல்ட்டும் விழுகிறது. வாட்டர் பம்ப் பெல்ட்டோடு சேராமல் ஏசிக்குத் தனி பெல்ட் போடப் போகிறோம். அதற்கு கிராங்க் புல்லி டபுள் குரூவ், அதாவது இரண்டு பெல்ட் ஓட இரண்டு பள்ளம் உள்ளதாக வேண்டும், இந்த எஞ்சினில் சிங்கிள்தான் வந்திருக்கிறது. யாரிடமாவது கழற்றி வைத்தது இருந்தால் இன்பாக்ஸில் போட்டோ அனுப்புங்கள். வியாழக்கிழமைக்குள் கிடைத்தால் வெள்ளிக்கிழமை லோடு பிடித்துவிடலாம். அறிவுரை இருந்தால் அனுப்ப வேண்டாம், அது நிறைய இருக்கிறது.