யாரைக் கேட்டு என் மெயில் பெட்டியைக் கலைத்தீர்கள்?

ராத்திரி நான் தூங்கிக்கொண்டிருந்தபோது என் மெயில் புரோகிராம் தானாக அப்டேட் ஆகிவிட்டது. காலையில் திறந்தால், "புதிய அனுபவத்துக்கு வரவேற்கிறோம்" என்று ஒரு பலூன் படம். அனுபவமாம் அனுபவம்! இருந்த அனுபவத்தைப் பிடுங்கிக்கொண்டதற்கு வரவேற்பு வேறு ஒரு கேடா?

முன்பு இடது பக்கம் போல்டர்கள், வலது பக்கம் மேலே கடிதப் பட்டியல், அதன் கீழே திறந்த கடிதம். ஒரு கடிதத்துக்கு ஒரே வரி. அனுப்பியவர், பொருள், தேதி எல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். ஒரு பார்வையில் வாரம் முழுக்க வந்ததைப் பார்த்துவிடலாம். இப்போது திரையை நெட்டுக்குத்தாக மூன்றாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கடிதமும் ஒரு கொழுத்த அட்டை. சுற்றிலும் வெள்ளை வெளேர் என்று காலி இடம். அந்த வெள்ளையை வைத்து நான் என்ன செய்ய? மெனுவைக் காணோம். 'அழி' பட்டன் இருந்த இடத்தில் இன்னொரு பட்டன் வந்து உட்கார்ந்திருக்கிறது. கை பழக்கத்தில் அங்கே போகிறது, கடிதம் எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது.

மொரிஷியசில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோவிலின் கடிதப் போக்குவரத்து முழுக்க என் தலையில். கமிட்டிக்காரர்கள் பிரெஞ்சில் எழுதுவார்கள், அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஆங்கிலத்தில் வரும், தமிழாசிரியர்கள் தமிழில் எழுதுவார்கள். தைப்பூசக் காவடி நெருங்கினால் பூக்காரர், மேளக்காரர், ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி, ஏழு கறிச் சாப்பாட்டுக்கு வாழை இலை என்று பெட்டி நிரம்பி வழியும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அப்டேட் வந்து தொலைத்தது. அதோடு தேதியும் அமெரிக்கப் பாணிக்குத் தாவிவிட்டது. இங்கே நாங்கள் நாளை முதலில் எழுதுகிறவர்கள். காவடியோ ஜனவரியில் வரும், இல்லாவிட்டால் பிப்ரவரியில். அந்த இரண்டு மாதத்துக் கடிதங்களைப் பார்த்து, 01/02 என்றால் பிப்ரவரி முதல் தேதியா, ஜனவரி இரண்டா என்று நான் ஜோசியம் பார்க்க வேண்டும். இலைக்காரர் எப்போது விலை சொன்னார் என்பதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கடிதமாகத் திறந்து பார்த்தேன்.

தமிழ் எழுத்து பட்ட பாடு தனிக்கதை. ஒவ்வொரு மொழிக்கும் எழுத்துருவையும் அளவையும் தனித்தனியாக வைத்திருந்தேன். ஏனென்றால் ரோமன் எழுத்துக்குப் போதுமான அளவில் தமிழைப் போட்டால் சுழியும் கொம்பும் எறும்பு ஊர்கிற மாதிரி தெரியும். அதையெல்லாம் ஒரே அடியில் துடைத்துவிட்டார்கள். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன்னால், டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் (எழுத்தைக் கம்ப்யூட்டர் எண்ணாக வைத்துக்கொள்ளும் முறை) வந்த பழைய கடிதங்கள் சிலவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் குறியாக்கத்தைக் கையால் மாற்றினால் அவற்றைப் படிக்க முடியும். அந்த மெனுவையே தூக்கிவிட்டு, 'எழுத்தைச் சரிசெய்' என்று ஒற்றைப் பட்டனை வைத்திருக்கிறார்கள். அது தானாக ஊகிக்குமாம். டிஸ்கி என்று ஒன்று இருந்ததே அதற்குத் தெரியாது, எதை ஊகிக்கும்?

அக்கா மகனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "பேனா ப்ரொப்லெம் (எங்கள் ஊர் கிரியோலில் 'பிரச்சினை இல்லை'), மாமா, ரெண்டு நாள்ல பழகிடும். இடம்தானே மாறியிருக்கு, கடிதம் எல்லாம் அப்படியே இருக்கே" என்றான்.

இடம்தானே! இந்த ஊரில் பிறந்த தமிழ்ப் பையன் பேசுகிற பேச்சா இது? 1998ல் மத்திய வங்கி புது ரூபாய் நோட்டு வெளியிட்டபோது நடந்தது என்ன? ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கு அப்புறம் தேவநாகரி என்று இருந்த வரிசை இடம் மாறி வந்தது. நோட்டின் மதிப்பில் ஒரு சல்லி குறையவில்லை. ஆனாலும் தமிழர்கள் பொங்கி எழுந்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999ல் பழைய வரிசைப்படி அச்சடித்து விட்டார்கள். அதையும் மெயில் பட்டனையும் ஒரே தராசில் வைக்க நான் ஒன்றும் கிறுக்கன் இல்லை. ஆனால் வரிசை மாறினால் என்ன என்று கேட்கிறவனுக்கு அதைத்தான் சொன்னேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, பழையபடி ஆக்கலாம் என்று உட்கார்ந்தால், அதற்கு வழி சொல்லும் குறிப்புகள் எல்லாம் பழைய பதிப்புக்கு எழுதியவை. "மேலே உள்ள மெனுவில்" என்று ஆரம்பிக்கிறது. எந்த மெனுவில் அய்யா? அதைத்தானே தேடுகிறேன்! கடைசியில் ஆல்ட் விசையை அழுத்தினால் அது எட்டிப் பார்க்கும் என்று தெரிந்தது. அங்கே போய்த் தோற்றத்தைப் பழைய அமைப்புக்கு மாற்றி, அட்டையைப் பட்டியலாக்கி, வரி இடைவெளியை நெருக்கி, தேதியையும் மொழியையும் சரிசெய்தேன். அப்பாடா என்று அடுத்த போல்டரைத் திறந்தால், அங்கே அனுப்பியவர், பொருள், தேதி என்ற பத்திகள் திரும்பவும் தலைகீழ். ஒவ்வொரு போல்டருக்கும் தனியாம்! எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வைக்கும் கட்டளை இருக்கிறது, பத்தித் தலைப்பின் ஓரத்தில் ஒரு குட்டி ஐகானுக்குள், அதற்குள் இன்னொரு பட்டியலுக்குள். இவ்வளவு ஆழத்தில் புதைத்து வைப்பதற்கு அது என்ன புதையலா?

அப்டேட்டே வேண்டாம், பழைய பதிப்பையே போட்டுக்கொள்கிறேன் என்றால் அதுவும் நடக்காது. நம் கணக்கு, வடிகட்டிகள், முகவரிகள், தோற்றம் எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு புரொபைல் போல்டரில் இருக்கின்றன. புதிய பதிப்பு ஒரு தடவை அதைத் தொட்டுவிட்டால் பழைய பதிப்பு அதைத் திறக்க மாட்டேன் என்கிறது. முன்கூட்டியே அந்தப் போல்டரை முழுசாக நகல் எடுத்து வைத்திருந்தால்தான் தப்பிக்கலாம். ராத்திரியில் சொல்லாமல் வருகிற அப்டேட்டுக்கு யார் முன்கூட்டி நகல் எடுப்பார்கள்? ஐமேப் கணக்குதானே, எல்லாம் சர்வரில் இருக்குமே என்று சிலர் சொல்கிறார்கள். கடிதங்களும் போல்டர்களும் இருக்கும், சரி. நான் எந்தப் பத்தியை எங்கே வைத்தேன், தமிழை எந்த அளவில் படிக்கிறேன் என்பதெல்லாம் சர்வருக்குத் தெரியாது.

கடிதத்தை ஒரு சர்வரில் இருந்து இன்னொரு சர்வருக்குக் கொண்டுபோகிற எஸ்எம்டிபி விதிமுறையை 1982ல் எழுதினார்கள். அடிப்படை இன்றைக்கும் அதுதான். உலகத்துக் கடிதத்தை எல்லாம் அது சத்தமில்லாமல் சுமக்கிறது. இவர்களுக்கோ ஒரு பட்டனை ஒரு இடத்தில் சும்மா விட்டு வைக்க முடியவில்லை.

இதில் எனக்கு எரிச்சலின் உச்சம் எது தெரியுமா? பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிற திருத்தத்தையும் இந்த அலங்காரத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகிறார்கள். அலங்காரம் வேண்டாம் என்று அப்டேட்டை நிறுத்தினால், கண்ட வைரஸும் உள்ளே வர வாசலைத் திறந்து வைத்த கணக்கு. திருத்தத்தைக் கட்டாயமாகவே போடுங்கள், நானே வரவேற்கிறேன். தோற்றத்தை மாற்றுவதற்கு முன் 'மாற்றட்டுமா?' என்று ஒரு கேள்வி, 'வேண்டாம்' என்று ஒரு பட்டன். இவ்வளவு பெரிய புரோகிராமை எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு பட்டனை வைக்க முடியாதா?

இப்போது புரொபைல் போல்டரை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி, முதலில் என்னைக் கேட்கும்படி மாற்றியாகிவிட்டது. டிஸ்கி கடிதங்கள் மட்டும் இன்னும் கட்டம் கட்டமாகத்தான் தெரிகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மொத்தமாக மாற்ற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'பழகிடும்' என்று சொல்ல வருகிறவர்கள் தயவு செய்து வேறு வேலையைப் பாருங்கள்.