எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதை விடுங்கள், எதற்குக் காட்டினார்கள்?

உயிர் கனிம வேதியியல், அதாவது உயிர்களில் உலோகங்கள் செய்யும் வேலையைப் பற்றிய துறை, அதில் ஆய்வாளர் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் வந்து விழுவது அவருடைய எச்-இன்டெக்ஸ்தான். "நாற்பதைத் தாண்டிட்டாராம்" என்பார்கள். சரி, அவர் என்ன கண்டுபிடித்தார் என்று திருப்பிக் கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு அது. குறைந்தது 40 மேற்கோள் பெற்ற, அதாவது குறைந்தது 40 பிற கட்டுரைகள் குறிப்பிட்ட, கட்டுரைகள் உங்களிடம் 40 இருந்தால் உங்கள் எண் 40, அவ்வளவுதான். அந்த மேற்கோள்கள் எதற்காக வந்தன என்று அது கேட்பதே இல்லை. என் சண்டை அங்கேதான்.

செம்பு அணைவுச் சேர்மங்களில் (நடுவில் செம்பு, சுற்றிலும் அதோடு பிணைந்த மூலக்கூறுகள்) வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் அடிசன் என்ற வேதியியலாளரைத் தெரியும். 1984-இல் அவரும் ராவ், ரீடைக் முதலியோரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைதான் காரணம். செம்பைச் சுற்றி ஐந்து அணுக்கள் இருந்தால் அது சதுரப் பிரமிடா, முக்கோண இருபிரமிடா என்று சொல்ல அதில் ஒரு சின்ன வழி கொடுத்தார்கள்: இருப்பதிலேயே பெரிய இரண்டு கோணங்களை எடு, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழி, 60-ஆல் வகு. விடை 0 வந்தால் முதலாவது, 1 வந்தால் இரண்டாவது, நடுவில் வந்தால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ. டௌ என்று பெயர். இன்றும் ஐந்து பிணைப்புள்ள அணைவுக்குப் படிக அமைப்பு (எந்த அணு எங்கே இருக்கிறது என்ற படம்) கிடைத்தவுடன் பலரும் முதலில் போடும் கணக்கு இதுதான், போட்டதும் அடிசனை மேற்கோள் காட்டுவார்கள், மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்துவிட்டன. ஆனால் அந்தக் கட்டுரையின் உண்மையான பொருள் நைட்ரஜனும் கந்தகமும் உள்ள ஈனிகளோடு, அதாவது உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகளோடு, செம்பு சேரும் விதம். மேற்கோள் காட்டுகிறவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து அந்தப் பகுதியைப் படித்திருப்பார்கள் என்று கேட்டால் நான் பெரிய எண் எதையும் சொல்ல மாட்டேன். அடிசனுக்கு இந்தப் பெயர் கிடைத்ததில் எனக்கு வருத்தமே இல்லை, பயனுள்ள கருவி, தகுதியான பெயர். அது ஒரு கருவிக்குக் கிடைத்த மேற்கோள் என்பதை மட்டும் எச்-இன்டெக்ஸ் சொல்வதில்லை.

இன்னும் வேடிக்கை ஷெல்எக்ஸ் கதை. படிக அமைப்பைத் தீர்க்க உலகம் முழுக்கப் பயன்படும் அந்த மென்பொருளின் வரலாற்றை அதை உருவாக்கிய ஷெல்ட்ரிக் 2008-இல் ஒரு கட்டுரையாக எழுதினார், மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இதை மேற்கோள் காட்டுங்கள் என்றும் அதிலேயே கேட்டுக்கொண்டார். அது வெளியான இதழின் தாக்கக் காரணி, அதாவது அதில் வரும் ஒரு கட்டுரைக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்ற எண், 2 சொச்சமாக இருந்தது 2009 கணக்கில் 49-ஐத் தாண்டியது. ஒரே கட்டுரையால்! அந்த ஆண்டு அதே இதழில் எழுதிய மற்றவர்களின் அறிவியல் ஒரே இரவில் இருபது மடங்கு உயர்ந்துவிட்டதா என்ன?

வரலாற்றிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, 1951-இல் லௌரி குழு எழுதிய புரத அளவீட்டு முறை. 3 லட்சத்துக்கும் மேல். அதுவும் செம்பு அயனி பெப்டைடு பிணைப்போடு சேர்வதை வைத்து நடக்கிற வேலைதான். அது பெரிய கட்டுரை ஒன்றும் இல்லை என்று லௌரியே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது மறுபக்கம். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரஜனேஸ் நொதியின் மையத்தில் இரும்பு, மாலிப்டினம், கந்தகம் சேர்ந்த ஒரு கொத்து இருக்கிறது. அதன் அமைப்பு 1992-இல் வெளியானது. நடுவில் ஒரு லேசான அணு உட்கார்ந்திருப்பது 2002-இல்தான் கண்ணில் பட்டது. அது நைட்ரஜனா, ஆக்ஸிஜனா, கார்பனா என்று அடித்துக்கொண்டு, கார்பன்தான் என்று முடிவானது 2011-இல். ஒரே ஓர் அணுவுக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள். பெருட்ஸ் என்ற விஞ்ஞானி ஹீமோகுளோபினின் அமைப்பைத் தேடி இறங்கியது 1937-இல், முப்பரிமாண அமைப்பு கைக்கு வந்தது 1960 வாக்கில். நடுவில் மூன்றாண்டுக்கு ஒருமுறை எச்-இன்டெக்ஸைக் கேட்டிருந்தால் அவரை வேறு வேலை பார்க்கச் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம், எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத அந்தத் தயாரிப்பு வரிசை. புதிய ஈனி ஒன்று, அதில் செம்பையோ ருத்தேனியத்தையோ சேர், கன்றின் தைமஸ் டிஎன்ஏவோடு பிணைகிறதா பார், புற்றுசெல்லில் எம்டிடி சோதனை (செல் சாகிறதா என்று பார்ப்பது), கணினியில் டாக்கிங் (மூலக்கூறு எங்கே போய்ப் பொருந்தும் என்ற கணிப்பு), கட்டுரை தயார். முதல் பத்தியில் பிளாட்டினப் புற்றுமருந்தான சிஸ்பிளாட்டினுக்கும், அதன் மருத்துவக் குணத்தைக் கண்டறிந்த ரோசன்பர்க்குக்கும் ஒரு கும்பிடு. அடுத்த கட்டுரைக்கு ஈனியில் ஒரு மெத்தில் தொகுதியை மாற்றினால் போதும், அது முந்தையதை மேற்கோள் காட்டும், பக்கத்து ஆய்வகமும் காட்டும். மாணவர்கள் இதில் தொழில் கற்றுக்கொள்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1978-இல் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டினுக்குப் பின், கதிரியக்க மருந்துகளை விட்டுவிட்டால், உலகெங்கும் புழக்கத்துக்கு வந்த உலோகப் புற்றுமருந்துகள் கார்போபிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற சிலவே, அவையும் பிளாட்டினமே. இந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதழின் தாக்கக் காரணியை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று 2012-லேயே சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட நிறுவனங்களுக்குக் குறைவில்லை, தேர்வுக் குழு அறைக்குள் மட்டும் பழைய பழக்கம் அப்படியே நடக்கிறது. நான் கேட்பது சின்ன விஷயம்தான். விண்ணப்பிப்பவரிடம் அவருடைய சிறந்த மூன்று கட்டுரைகளை மட்டும் கேளுங்கள். ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் பத்தைத் திறந்து அந்த வாக்கியத்தைப் படியுங்கள். முன்னுரையில் பன்னிரண்டு பேரோடு சேர்த்துக் கட்டிய மூட்டையில் அவரும் ஒருவரா, செய்முறைப் பகுதியில் கருவியாக வருகிறாரா, அல்லது "இவர்கள் சொன்ன வினைவழி சரியா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனையையே செய்தோம்" என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? மூன்றாவது வகை நாலைந்து இருந்தாலே அவரை நேர்காணலுக்குக் கூப்பிடலாம். குழுவுக்கு நேரமில்லை என்று சொல்வார்கள், தெரியும். முப்பது வாக்கியம் படிக்க ஒரு மதியம் போதும், ஆனால் வேலைக்கு எடுத்தவர் அங்கே இருக்கப்போவது முப்பது வருடம்.