‘அப்பீஸ்’ வேறு, ‘மாலிஃபை’ வேறு
‘அப்பீஸ்’ (appease), ‘பேசிஃபை’ (pacify), ‘பிளக்கேட்’ (placate), ‘மாலிஃபை’ (mollify) ஆகிய நான்கு ஆங்கிலச் சொற்களும் அமைதியைக் குறிக்கும் ‘பாக்ஸ்’ என்ற ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை, ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதலாம் என்று இச்சொற்களைப் பற்றிய கட்டுரையின் ஆசிரியர் கூறுவதை ஏற்க இயலவில்லை. முதல் இரண்டுக்கு மட்டுமே அவ்வேர் பொருந்தும். அவற்றிலும் ‘அப்பீஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘பிளக்கேட்’ என்பதன் மூலம் ‘பிளாக்காரே’ என்னும் லத்தீன் வினை. ‘மாலிஃபை’யோ மென்மையைக் குறிக்கும் ‘மோல்லிஸ்’ என்பதிலிருந்து வந்தது, நாம் ‘மனத்தை இளக்குதல்’ என்று சொல்வதற்கு மிக அருகில் நிற்பது. சென்னையில் போட்டித் தேர்வு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நான், எல்லாவற்றையும் ‘சமாதானப்படுத்துதல்’ என்று மனப்பாடம் செய்துகொண்டு வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அழும் குழந்தையைத் தாய் ‘பேசிஃபை’ செய்வதில் குறையேதும் இல்லை. ஆனால் 1938இல் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன் பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுக்கப் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் இசைந்த பிறகு, அரசியலில் ‘அப்பீஸ்மென்ட்’ என்றாலே பணிந்துபோதல் என்ற இழிபொருள் ஒட்டிக்கொண்டது. அக்கட்டுரையைப் படித்த ஒரு வாசகர், பணம் கொடுப்பதைக் குறிக்கும் ‘பே’ (pay) என்ற சொல்லுக்கும் ‘பாக்ஸ்’ என்னும் வேருக்கும் தொடர்பு உண்டா என்று ஐயத்தோடு கேட்டிருக்கிறார். உண்டு, அமைதிப்படுத்துதல் என்னும் பொருளுடைய, அவ்வேரில் பிறந்த லத்தீன் வினையான ‘பாக்காரே’தான் கடன் கொடுத்தவரைத் திருப்திப்படுத்துதல் என்றாகி, பிரெஞ்சு வழியே ‘பே’ ஆயிற்று. வாசலில் வந்து நின்றவரின் வாயை அடைக்க என் தந்தை வட்டியையாவது எடுத்துக் கொடுத்த நாள்களை நினைத்தால், எனக்கு இந்தப் பொருள் மாற்றத்தில் வியப்பே இல்லை.