டென்வர் காற்றின் மேல் பழி போடுகிறவர்களுக்கு

டென்வரின் பேஸ்பால் அணியான கொலராடோ ராக்கீஸின் நிர்வாகத் தலைவராகப் பால் டிபொடெஸ்டா நியமனமான செய்தி வந்ததிலிருந்து ஒரே வசனம்தான் கண்ணில் படுகிறது: "யார் வந்தாலும் டென்வர் காத்து மாறப்போறதில்லை." ராக்கீஸ் 2025 சீசனை 43 வெற்றி, 119 தோல்வியோடு முடித்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். மே மாதம் சான் டியாகோவிடம் 21-0 என்று உதை வாங்கி, மறுநாள் 9-3 என்று ஜெயித்த கையோடு மேனேஜர் பட் பிளாக்கை வீட்டுக்கு அனுப்பியபோதும் இதையேதான் சொன்னார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. விலாவாரியாகவே எழுதிவிடுகிறேன்.

அந்தக் காற்றில் வருஷத்துக்கு 81 ஆட்டம் ஆடுகிற ஒரே அணி இது. 1993-லிருந்து அங்கேதான் இருக்கிறார்கள். அந்தக் காற்றைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்தவர்களாக இவர்கள் இருந்திருக்க வேண்டும். இல்லை. என் கோபமெல்லாம் அங்கேதான்.

டென்வரின் 5,280 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடித்த பந்து தூரமாகப் போகிறது என்பதை மட்டும் எல்லாரும் பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய சேதம் பந்து வீசும் பிட்சருக்கு. சுழலும் பந்து காற்றைத் தள்ளித்தான் வளைகிறது. கடல் மட்டத்து பாஸ்டனில் 18 அங்குலம் வளைந்து விழும் கர்வ் பால், ராக்கீஸின் மைதானமான கூர்ஸ் ஃபீல்டில் 14, 15 அங்குலத்தோடு நின்றுவிடும். மட்டைக்கு அடியில் நழுவ வேண்டிய பந்து மட்டையின் நடுவில் வந்து உட்காரும். அந்த மூன்று நான்கு அங்குலம்தான் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் ஹோம் ரன். ஃபோர்-சீம் ஃபாஸ்ட்பால் என்னும் நேர் வேகப்பந்தின் மிதப்பும் இதே அளவுக்குக் குறைகிறது.

ஆனால் எல்லாப் பந்தும் கெட்டுப்போவதில்லை. துப்பாக்கிக் குண்டு போலத் தன் அச்சில் சுழன்று வரும் வேக ஸ்லைடர் காற்றை அதிகம் நம்பியிருப்பதில்லை. ஃபாஸ்ட்பால் போலவே கை வீசி மெதுவாக விடும் சேஞ்ச்அப்பின் பலம் வேக வித்தியாசத்தில் இருக்கிறது. மணிக்கு 8, 10 மைல் வித்தியாசம் எந்த ஊரிலும் அதேதான். மெல்லிய காற்றில் ஃபாஸ்ட்பால் தன் வேகத்தைக் கொஞ்சம் குறைவாகவே இழக்கிறது. அப்படியானால் புது வீரர்களைப் பொறுக்கும் டிராஃப்டில் யாரை எடுக்க வேண்டும், மற்ற அணிகளோடு ஆள் மாற்றிக்கொள்ளும் டிரேடில் யாரைக் கேட்க வேண்டும் என்பது தெளிவு. கர்வ் பாலை நம்பிப் பிழைக்கும் பிட்சர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது பயிற்சி. இளம் வீரர்களை வளர்க்கும் கீழ்நிலை அணிகளில் டபுள்-ஏ அணி இருப்பது ஹார்ட்ஃபோர்டில், கிட்டத்தட்ட கடல் மட்டம். அதற்கு அடுத்த படியான டிரிபிள்-ஏ அணி ஆல்புகெர்கியில், 5,000 அடிக்கு மேல். ஹார்ட்ஃபோர்டில் ஒரு பையன் தன் கர்வ் பாலைச் செதுக்கிச் செதுக்கிக் கொண்டுவருகிறான். ஆல்புகெர்கியில் அது விழவில்லை. பயந்து இன்னும் இறுக்கிப் பிடிக்கிறான், கை வீசும் கோணம் மாறுகிறது, பிறகு ஃபாஸ்ட்பாலும் குறி தவறுகிறது. ஹார்ட்ஃபோர்டிலேயே ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு குறி சொல்லிக் கொடுங்கள். கர்வ் 4 அங்குலம் குறைவாக விழும் ஊரில் 4 அங்குலம் கீழே குறி வை, கையை மாற்றாதே. ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் முதல் பந்துவீச்சுப் பயிற்சியில் 15 பந்து அந்தக் குறிக்கு மட்டும் போகட்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை, பொறுமை வேண்டும்.

ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர்கள்தான் ஸ்டார்ட்டர்கள். அவர்கள் முறை வைத்து வீசும் ரொட்டேஷனில் ஆறு பேர் வேண்டும். உயரத்தில் உடம்பு தேற நேரம் எடுக்கிறது. 26 பேர் பட்டியலில் 13 பிட்சர்கள்வரை வைக்கலாம். ஆறு ஸ்டார்ட்டர், அவர்களுக்குப் பிறகு வந்து வீசும் ரிலீவர் ஏழு. உடனே "2012-ல் புதுமை பண்ணிப் பார்த்தாங்களே, என்ன ஆச்சு?" என்று கிளம்புவார்கள். ஐயா, 2012-ல் செய்தது நான்கு ஸ்டார்ட்டர், ஆளுக்குச் சுமார் 75 பந்து. ஓய்வைக் குறைத்து, பாரம் முழுவதையும் ரிலீவர்கள் தலையில் கட்டினார்கள். 98 தோல்வி. நான் சொல்வது அதற்கு நேர் எதிரானது. 2025-ல் ஸ்டார்ட்டர்களின் ஈஆர்ஏ, அதாவது பிட்சர் பொறுப்பில் ஒன்பது இன்னிங்ஸுக்குப் போகும் ரன் சராசரி, 6.65. 1913-ல் அந்தக் கணக்கை அதிகாரபூர்வமாக வைக்கத் தொடங்கியதிலிருந்து இவ்வளவு மோசம் எந்த அணிக்கும் இல்லை. இதற்கு மேல் கெட்டுப்போக என்ன இருக்கிறது?

பேட்டர்களுக்கு வேறு வியாதி. பத்து நாள் டென்வரில் வளையாத பந்தைப் பார்த்துவிட்டு வெளியூர் போனால், முழுதாக விழும் கர்வைக் கண் நம்ப மறுக்கிறது. வெளியூர் போய் இறங்கியபின் பயிற்சி எடுத்துப் பயனில்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே, டென்வரிலேயே, பந்து வீசும் இயந்திரத்தில் சுழற்சியை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூட்டி, கடல் மட்டத்து வளைவைக் காட்ட வேண்டும்.

"அந்த மைதானத்தில் எவனாலும் வீச முடியாது" என்பவர்களுக்கு: 1996 செப்டம்பர் 17, ஹிதேயோ நோமோ அதே கூர்ஸ் ஃபீல்டில் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் நோ-ஹிட்டர் வீசினார். எதிரணி வீரர், அதுவும் பந்தை ஈரப்பதத்தில் வைக்கும் ஹியுமிடோர் அறை வருவதற்கு முன். கைல் ஃப்ரீலாண்ட், டென்வரில் பிறந்த பையன், 2018-ல் சொந்த மைதானத்தில் 2.40 ஈஆர்ஏ. அது ஒரே வருஷம்தானே என்பீர்கள். சரி, ஒரே வருஷம்தான். ஆனால் முடியும் என்று காட்டிய வருஷம்.

ஹியுமிடோர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1999-ல் அந்த மைதானத்தில் 303 ஹோம் ரன். அங்கே வேலை பார்த்த ஓர் எலக்ட்ரீஷியன், வேட்டைக்குப் போன இடத்தில் தன் தோல் பூட்ஸ் காய்ந்து இறுகியதைக் கவனித்தார். பந்தும் தோல்தானே, அதுவும் இப்படித்தானே காயும் என்று யோசித்தார். 2002 முதல் பந்துகளை 50 சதவீத ஈரப்பதத்தில், 70 டிகிரி ஃபாரன்ஹீட் அறையில் வைத்தார்கள். 2022-க்குள் 30 மைதானங்களும் அதைப் பின்பற்றின. ஊருக்கே வழிகாட்டிய அணி இது! அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் என்ன செய்தீர்கள்?

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கிரிஸ் பிரயண்டுக்கு 7 வருஷம், 18.2 கோடி டாலர். நான்கு சீசனில் 170 ஆட்டம். அவர் உடம்பு அவரைக் கைவிட்டது, அவரைத் திட்ட எனக்கு மனம் வராது. ஆனால் லீகிலேயே விரிந்த அவுட்ஃபீல்ட், அதாவது பின்பகுதி, உள்ள மைதானத்தில், மூன்று இடத்திலும் ஓடிப் பிடிப்பவர்கள் தேவைப்படும் இடத்தில், முப்பது வயதைத் தாண்டியவரை லெஃப்ட் ஃபீல்டுக்கு எடுத்தது யார் யோசனை? அதற்கு முந்தைய வருஷம்தானே நம் நட்சத்திர வீரர் நோலன் அரெனாடோவை வேறு அணிக்கு அனுப்பினீர்கள். கூடவே சுமார் 5 கோடி டாலரும் கொடுத்து அனுப்பினீர்கள். நம் வீட்டுப் பிள்ளையைப் பணமும் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்பிய மாதிரி இருந்தது. இன்னும் ஆறவில்லை.

597 ரன் எடுத்து 1,021 கொடுத்த அணியை 2025-லும் 24 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். மேல்தளத்தில் 20-வது வரிசை நாற்காலிகள் மட்டும் ஊதா நிறம். சரியாக ஒரு மைல் உயரம் என்று காட்டுவதற்கு. அங்கே உட்கார்ந்து செப்டம்பர் கடைசிவரை ஸ்கோர் எழுதியவர்களிடம் போய்க் காற்றைக் காரணம் சொல்லாதீர்கள்.

1999-க்குப் பிறகு முதல் முறையாக வெளியிலிருந்து ஒருவரைத் தலைமைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்லது. பிப்ரவரியில் ஸ்காட்ஸ்டேலில் பயிற்சி முகாம் திறக்கும்போது, ஆறாவது ஸ்டார்ட்டர் யார் என்று அவர் பெயர் சொல்கிறாரா என்று பார்க்கிறேன்.