கோடு: ஒரு சொல்லும் நம் ஊர்க் குளங்களும்

பழந்தமிழ்ப் பாடல்களைப் படிப்பிக்கும்போது அரும்பதங்களின் பொருளை முதலில் எழுதிக்கொடுத்துவிட்டுப் பாடலைப் பிறகு வாசிக்கும் வழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. வடஇலங்கையின் வன்னிப் பிள்ளைகளுக்கு அது தேவையற்ற வழி என்பது என் கருத்து. 'கோடு' என்ற ஒரு சொல்லே அதற்குப் போதிய சான்று.

அளவளாவு இல்லாதான் வாழ்க்கை குளவளாக்
கோடின்றி நீர்நிறைந் தற்று

உறவினரோடு மனங்கலந்து பழகாதவனின் வாழ்க்கை, கரையில்லாத குளப்பரப்பில் நீர் நிறைவதைப் போன்றது என்கிறது இந்த 523ஆம் குறள். கோடு என்பதற்குப் பரிமேலழகர் கரை என்றே உரை கண்டார்; நாம் குளக்கட்டு என்போம். மாரியில் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்வதையும், கட்டு அரிக்கிறது என்றதும் ஊரே மண்மூட்டையோடு ஓடுவதையும் கண்ட பிள்ளைக்கு இங்கே உரையாசிரியர் வேண்டியதில்லை. கட்டு இல்லாவிட்டால் எவ்வளவு மழை பெய்தும் சிறுபோகமாகிய கோடைப் பயிர்ச்செய்கைக்குத் துருசு என்னும் மதகைத் திறக்க நீர் இராது என்பதை அது அறியும். சுற்றத்தைக் குளக்கட்டாகக் கண்ட வள்ளுவரின் நுட்பம், குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவரைவிட அந்தப் பிள்ளைக்கே விரைவில் பிடிபடும்.

அதே சொல் குறுந்தொகை 18இல் கொப்பு, அதாவது மரக்கிளை, ஆகிறது. 'சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கியாங்கு' என்று, தலைவியின் சிறிய உயிர் பெரிய காமத்தைத் தாங்கி நிற்பதைத் தோழியின் வாயால் சொல்கிறார் கபிலர். தலைவனின் மலையிலோ பலா வேரில் காய்க்கிறது, மூங்கில் வேலியும் காவலுக்கு இருக்கிறது; இவளுடைய பழம் மட்டும் மெல்லிய கொப்பில் ஆடுகிறது. கலித்தொகையின் 'கொல்லேற்றுக் கோடஞ்சு வானை' என்ற அடியில் கோடு காளையின் கொம்பு; அதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

புறநானூறு 94இல் ஔவையார், நீர்த்துறையில் படிந்திருக்கும் பெருங்களிற்றின் 'வெண்கோடு', அதாவது வெண்தந்தம், கழுவும் ஊர்ச்சிறுவரைக் காட்டி, அதியமானே, நீ எமக்கு அவ்வாறு இனியவன், பகைவருக்கோ அதன் மதத்தைப் போல இன்னாதவன் என்கிறார். குளத்தடிக்கு யானை வந்தால் வெடி கொளுத்தும் நம்மவருக்கு இந்த உவமையின் பின்பாதி நன்றாகவே தெரியும், முன்பாதிதான் வியப்பு. இலங்கையின் ஆண் யானைகளிற் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் இல்லாததால், கொம்பன் யானையைக் காண்பதே நமக்கு அரிது.

இத்தனை பொருளையும் பேச்சில் கட்டு, கொப்பு, கொம்பு என்று பிரித்துக் கொடுத்துவிட்டோம். கொப்பிப் புத்தகத்தில் கீறும் கோடு மட்டும் எஞ்சியிருக்கிறது.

வினையாக வரும்போது கோடுதல் வளைதல். 'ஒருபால் கோடாமை சான்றோர்க் கணி' என்பது நடுவுநிலைமை. 'முறைகோடி மன்னவன் செய்யின்' மழையும் பருவம் தவறும் என்பது 559ஆம் குறள். வழக்குக்காகக் 'கோடேறுவது' என்ற நம் பேச்சை இந்தக் கோடாமையோடு முடிச்சுப் போட்டால் கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோடு ஆங்கிலேயர் காலத்துக் கோர்ட்; வள்ளுவருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.